கண்ணாடிப் படகில் ஓர் இடம்

தில்லையம்மாளுக்குத் தம்பி என்றால் உயிர். தம்பி பெண்டாட்டி என்றால் வேப்பங்காய்.

அம்மா செத்த பிறகு இளவரசுவை வளர்த்து, படிக்கவைத்து, சிப்காட்டில் வேலைக்கு அனுப்பியவள் அவள்தான். கல்யாணமான கையோடு அவன் வினோதினியைக் கூட்டிக்கொண்டு அந்தமான் போகிறான் என்று கேள்விப்பட்டதும், கீரப்பாளையத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவைப் பிச்சாவரத்துக்குக்கூடக் கூட்டிப்போகாதவன்!

"புதுசா கட்டிக்கினவங்க போறாங்க, நீ எதுக்குடி?" என்று பக்கத்து வீட்டு சந்திரலேகா கேட்டாள்.

"தாலியில மூணாவது முடிச்சு போட்டது நானு. எனக்கில்லாத அந்தமானா?"

மூவருமாகத்தான் போனார்கள். விமானத்தில் நடு சீட்டு அவளுக்கு.

அவர்கள் போன தீவில் இப்போது யாரும் குடியில்லை. பவளப்பாறையும் மீனும் பார்க்கிற கடல் பூங்கா அது. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளைக் கொண்டுபோய் அடைத்த இடம். இடிந்த சிறையைச் சுற்றிக்காட்டிய கைடு கடலூர்க்காரர்தான்.

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம வருஷக்கணக்கா கெடந்தாங்க. பல பேரு இங்கயே செத்தாங்க," என்றார்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தில்லையம்மாள் காதில் பாதிதான் விழுந்தது. இருட்டறைக்குள் தம்பியின் கை வினோதினியின் கையைத் தேடிப் பிடித்ததை அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

கரையில், அடியில் கண்ணாடி பதித்த படகு நின்றது. உட்கார்ந்தபடியே கடலுக்கடியில் இருப்பதைப் பார்க்கலாம். கடைசி நடை, ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றார் படகுக்காரர்.

"வினோ, நீ போயிட்டு வா," என்றான் இளவரசு.

தில்லையம்மாளுக்கு வயிறு எரிந்தது. "ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சி?"

"அண்ணியே போவட்டும்ங்க," என்றாள் வினோதினி.

"ஆமாக்கா, நீ போ," என்று அவனும் உடனே தலையாட்டினான்.

ஜெயித்த மிதப்பில் ஏறி உட்கார்ந்தாள். படகு நகர்ந்தது. கண்ணாடிக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் போக, எல்லோரும் குனிந்து கூச்சல் போட்டார்கள். அவள் மட்டும் கரையைத் திரும்பிப் பார்த்தாள். மரத்தடி மணலில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வினோதினி என்னமோ சொல்ல, இளவரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, படகத் திருப்புங்க!"

"சுத்திட்டுத்தாம்மா திரும்பும். கீழ பாருங்க, ஆமை போவுது."

ஆமையும் போனது. அவள் குனியவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை, இப்படிச் சிரித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.