தெரியாது என்று சொல்லும் பெட்டி

என் அப்பா கடற்றொழிலாளி. நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வடகரையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறேன். சில வருடங்களுக்கு முன் அப்பாவின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், ஒரு முழு நாள் அவர் எங்கே என்று எவருக்கும் தெரியாமல் இருந்தது. கடைசியில் இன்னொரு வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அந்த ஒரு நாளில் அம்மாவுக்குப் பத்து வயது கூடிப்போனது. அப்பாவோ வந்து குளித்துவிட்டு, "பசிக்குது" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே, வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று கரையிலிருந்து பார்க்க ஒரு வழி செய்து தரமுடியுமா என்று எங்கள் ஊர்ச் சங்கம் அலுவலகத்துக்கு வந்து கேட்டபோது, மற்றவர்கள் வாய் திறக்கும் முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பல இடங்களில் இருக்கும் கணினிகள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும்படி எப்படி அமைப்பது என்று அப்போதுதான் இணைய வகுப்பு ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு தலைக்கேறியிருந்தது. ஒவ்வொரு வள்ளத்திலும் கைக்கடக்கமான ஒரு கருவி. அது சொல்வதைக் கேட்க, கரையோரம் சங்கத்தின் கொட்டிலான வாடியில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி. அந்தப் பெட்டி கேட்டதையெல்லாம் கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் சேர்வருக்கு அனுப்பும். சேர்வர் யோசித்து முடிவு சொல்லும். நாற்பது நிமிடம் ஒரு வள்ளத்திடமிருந்து சத்தம் இல்லையென்றால் திரையில் அதன் புள்ளி சிவக்கும். வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும். "தங்கள் படகுடனான தொடர்பு துண்டிக்கப்பட்டுள்ளது." அந்த வசனத்தை நான்தான் எழுதினேன். நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்ற பெருமை வேறு.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு நாள் காலை, அலுவலகத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் இருந்த இருபத்துமூன்று புள்ளிகளும் ஒன்றாகச் சிவந்தன. முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருபத்துமூன்று வள்ளமும் ஒரே நேரத்தில் தாழுமா? எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தெருவைக் கிண்டியவர்கள் வாடியின் இணையக் கேபிளை அறுத்திருப்பார்கள் என்று உடனே விளங்கியது. குறுஞ்செய்திகள் நினைவுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவற்றை அனுப்புவது எங்கள் ஊர்ப் பெட்டி அல்ல, தூரத்துச் சேர்வர். கேபிள் அறுந்தது அதற்குத் தெரியாது. அது தன் கடமையைச் சரியாகச் செய்து முடித்திருந்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. அப்பாவுடையதும் அவற்றில் ஒன்று. ஊர்ப் பெண்கள் எல்லோரும் மணலில் நின்றார்கள். அம்மாவின் கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. திருவிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. போனைத் தூக்கிக் காட்டி ஒன்று மட்டும் கேட்டார்.

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை அம்மா. கேபிள் அறுந்துபோச்சு."

"காணாமல் என்னெண்டு சொன்னனீ?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஒரு வள்ளத்துக்கு ஏதும் ஆனால், ஒருவர் மட்டும் கண்டேன் என்று வந்து சொன்னால், அதை நம்பி யாரும் அந்த வீட்டுப் படலையைத் திறந்து சேதி சொல்லப் போகமாட்டார்கள். வேறொரு வள்ளத்தில் வந்தவரும் அதையே சொல்லவேண்டும். அதுவரைக்கும் கரைக்குத் தெரிந்தது கரையோடு நிற்கும். நான் பிறந்து வளர்ந்ததே இந்த வழக்கத்துக்குள். ஒரு கணினியின் சொல்லை நம்பாதே, பல கணினிகள் ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிவெடு என்று அந்த வகுப்பில் மூன்று வாரம் சொல்லித் தந்தார்கள். பதில் வரவில்லை என்பதற்காக அடுத்த பக்கம் செத்துவிட்டது என்று எண்ணாதே என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும் கொப்பியில் அழகாக எழுதி வைத்திருந்தேன். வீட்டில் இருந்ததும் கொப்பியில் இருந்ததும் ஒன்றுதான் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் எல்லோரும் கருவிகளைக் கழற்றி ஒரு மீன்பெட்டியில் போட்டுச் சங்கத்தில் வைத்துவிட்டார்கள். அப்பாவுடையது மேலே கிடந்தது.

"நீ குறை நினையாதை பிள்ளை. சாமான் நல்ல சாமான்தான். கொம்மா பயப்பிடுறா" என்றார் அப்பா.

மறுபடி எஞ்சின் நின்றால் அவரை எங்கே தேடுவது? அந்த ஒரு கேள்விதான் என்னைத் திரும்பவும் வேலையில் உட்கார வைத்தது. கடலே இல்லாத ஊரான இணுவிலிலிருந்து வரும் அக்கா ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். இருவரும் பழையதைக் கலைத்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கினோம். முடிவெடுக்கும் வேலையைத் தூரத்துச் சேர்வரிடமிருந்து பறித்து வாடிப் பெட்டிக்கே கொடுத்தோம். வள்ளத்துக் கருவிகள் ஒன்றையொன்று கேட்டு, மற்றதின் சேதியையும் சுமந்து வரும்படி செய்தோம். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, சத்தம் நின்ற வள்ளத்துக்கென்று சாம்பல் நிறம் ஒன்றைச் சேர்த்து, அதற்குத் 'தெரியாது' என்று பெயர் வைத்தோம். அந்த வள்ளத்தைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, வேறு இரண்டு வள்ளங்கள் ஒன்றையே சொன்னால்தான் வீட்டுக்குச் செய்தி. சாம்பல் நிறம் சங்கத்துக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அந்தக் கடைசி விதியில் அக்கா முரண்டுபிடித்தார். "அவையின்ரை வீட்டு ஆளைப் பற்றி நாங்கள் அறிஞ்சு வைச்சுக்கொண்டு அவைக்கு மறைக்கிறதோ? அது பிழையெல்லோ."

"உங்களுக்கு உது விளங்காது அக்கா" என்று சொல்லிவிட்டேன். திமிர்தான்.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கொண்டுபோறன். ஆனா உது கொம்மாவோடை கதைக்கக் கூடாது."

சில மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வீட்டில் பல் தீட்டிக்கொண்டே போனைப் பார்த்தேன். அப்பாவின் புள்ளி சாம்பலாக இருந்தது.

கேபிள் அறுந்துபோகவில்லை. மற்ற எல்லாம் பச்சை. சங்கத்துக்குப் போன் எடுத்தேன், தாங்களும் பார்த்ததாகவும் மேற்கே நிற்கும் வள்ளங்களுக்குச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்கள். இனி நான் செய்ய ஒன்றுமில்லை. அம்மா குசினியில், அடுப்படியில் நின்றார். நான் எழுதிய விதி என்னையே வாசற்படியில் நிறுத்தி வைத்திருந்தது.

"அப்பாக்குப் பிட்டு அவிக்கட்டோ, கொஞ்சம் பொறுக்கட்டோ?"

"பொறுங்கோ அம்மா."

ஒரு மணித்தியாலம். முற்றத்தைக் கூட்டினேன். கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன். அக்கா சொன்னது சரியோ என்று நினைத்தேன், இல்லை என்று என்னோடேயே சண்டை பிடித்தேன். பயமாக இருந்தது. அந்தப் பயத்தை வைக்க ஒரு இடமும் இருக்கவில்லை.

எட்டரைக்கு அம்மாவின் போன் சத்தம் போட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "உங்கள் வள்ளத்தை இரண்டு வள்ளங்கள் கண்டன. இரண்டும் பக்கத்தில் நிற்கின்றன." இந்த முறை வசனத்தைச் சாதாரணமாகத்தான் எழுதியிருந்தேன். நான் விளக்குமாறோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அம்மா என்னையும் முற்றத்தையும் பார்த்தார்.

"எப்ப தொடக்கம்?"

"ஏழரை. ஆனா தெரியும் எண்டில்லை அம்மா. தெரியாது எண்டுதான் காட்டினது."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். பிட்டுப்பானையில் தண்ணீர் வார்த்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பெட்டி வீட்டுக்குச் சொல்லவேண்டாம், அது சரி. நீ என்னட்டைச் சொல்லு. தெரியாட்டில் இரண்டு பேருமாத் தெரியாமல் இருப்பம்."