கயிறு போடாத சீர் வண்டி

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆவணி மாதம். என் மகன் வழிப் பேத்தியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மேலப்பாளையத்திலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், முன்னீர்பள்ளத்தைத் தாண்டிய இடத்தில் இது நடந்தது. கல்யாணப் படங்களை வீட்டில் யார் எடுத்துப் பார்த்தாலும் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஏன் என்று இங்கே சொல்கிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. வேலையில் இருந்தவரை ரயில் சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. மூட்டைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்குவதுதான் பிழைப்பு. வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது அங்கே பழக்கம். அப்போதுதான் சுமப்பவருக்கும் நமக்கும் கணக்கு ஒத்துப்போகும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாடிப்படி, பஸ்ஸில் இருக்கிற தலைகள், தட்டில் விழுகிற இட்லி, எல்லாவற்றையும் எண்ணுவேன். வீட்டில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பேத்திக்கு வரன் அம்பாசமுத்திரத்தில். கட்டில், பீரோ, மெத்தை, நிலைக்கண்ணாடி, குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரங்கள் என்று சீர் சாமான்களை வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு லோடு வண்டியில் ஏற்றினோம். பொறுப்பு என்னுடையது. நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. பித்தளைக் குடம் மட்டும் ஒன்பது. பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக வைத்து, அவை வெளியே தெரியட்டும் என்று வண்டியின் பின்கதவை இறக்கித் தொங்கவிடச் சொன்னேன். பீரோவுக்கு மாலை போட்டேன். சிவப்புச் சாட்டின் உறை போட்ட இரட்டை மெத்தையை எல்லாவற்றுக்கும் மேலே கிடத்தச் சொன்னேன்.

வண்டி ஓட்டுநர் நாற்பது வயது மனிதர். சொந்த வண்டி. எங்கள் தெருக்காரர்கள் பலருக்கும் சாமான் ஏற்றுகிறவர். அவர் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்தபோது வேண்டாம் என்றேன். சீர் போகிற வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி யாரும் பார்த்ததில்லை. வழியில் நாலு பேர் பார்க்கத்தானே அது போகிறது. அவர் தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

“அண்ணாச்சி, மெத்தைக்கு மேல குறுக்க ரெண்டு சுத்து போட்டுக்கிடுதேன். காத்து நல்லா அடிக்கி.”

“கயிறு போட்டா வீடு காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்கும்வே. கட்டில்ல புதுப் பாலிஷ், கயிறு பட்டா உரிஞ்சிரும். நீரு பைய ஓட்டும், ஒண்ணும் ஆகாது.”

“நான் பைய ஓட்டுவேன். காத்து பைய அடிக்குமா?” என்று சிரித்தார்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருந்த ஒருவரும் அங்கே நின்றிருந்தார். “சொன்னதச் செய்யும்” என்றேன். ஓட்டுநர் கயிற்றைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். சரக்குக் கிடங்கில் இருந்த அத்தனை வருஷத்திலும் கட்டாத பாரத்தை நான் வெளியே அனுப்பியதில்லை. அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை. மூட்டை வேறு, சீர் வேறு என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

என் மகன் காரை ஓட்ட, நான் முன்இருக்கையில் உட்கார்ந்து பின்னாலேயே போனோம். மேலப்பாளையத்தில் கடைவாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம் மெத்தையைக் காட்டினாள். எனக்கு மனசு நிறைந்துபோனது.

முன்னீர்பள்ளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். எங்களுக்கும் லோடு வண்டிக்கும் நடுவே ஒரு மீன்காரர் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மீன்பெட்டி. உவரியிலிருந்து வருகிற மீனை விடியற்காலையில் வாங்கி, ஊர் ஊராகப் போய் விற்கிறவர் என்று பிறகு தெரிந்தது. எதிரே ஒரு பஸ் வேகமாக வந்து எங்களைக் கடந்தது. அந்தக் காற்றில் மெத்தையின் ஒரு ஓரம் கதவு திறக்கிற மாதிரி எழும்பியது. அடுத்த நொடி அது வண்டியில் இல்லை. மீன்காரரையும் மொபெட்டையும் சேர்த்து மூடிக்கொண்டு சாலையில் கிடந்தது.

லோடு வண்டிக்காரர் பிரேக் போட்டார். வண்டி குலுங்கி நின்றதில், திறந்து கிடந்த பின்பக்கம் வழியாகக் குடங்கள் ஒவ்வொன்றாகச் சாலையில் விழுந்து உருண்டன. மகன் காரை ஓரம் கட்டினான். நான் இறங்கினேன்.

இறங்கி என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். ஒரு குடம் வாய்க்கால் பக்கம் உருண்டு போவதைப் பார்த்து அதன் பின்னால் போனேன். அதை எடுத்து நிறுத்திவிட்டு, “ஒண்ணு” என்றேன். அடுத்ததை எடுத்து, “ரெண்டு” என்றேன். சாலையில் மீன் சிதறிக் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப்போய் மூன்றாவதை எடுத்தேன். ஏழு குடம் கிடைத்தது. எட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, வயலில் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏ பெரியவரே, அங்கன ஒரு உசுரு கெடக்கு. நீரு குடத்த எண்ணுதீரு?”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். என் மகனும் லோடு வண்டிக்காரரும் மெத்தையைப் புரட்டி மீன்காரரை வெளியே எடுத்திருந்தார்கள். வலது கால் தொடையிலிருந்து வேறு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. அந்தப் பெண்கள் மெத்தையை மரநிழலுக்கு இழுத்துப்போட்டு, அவரை அதில் கிடத்தத் தூக்கினார்கள். அதற்கும் நான் வாயைத் திறந்தேன்.

“அது கல்யாண மெத்தை” என்றேன்.

“கட்டி வச்சிருந்தா கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும்லா” என்றாள் அதே பெண். என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து அவரைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனது. எங்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வழியில் மகன் சொன்னான், “அப்பா, அங்க வந்து நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வண்டிய ஓட்டுனவருக்குத்தான் பொறுப்பு. நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு நாம இதுல மாட்டக் கூடாது.” நான் தலையாட்டினேன்.

நிலையத்தில் ஏட்டையா ஓட்டுநரைப் பார்த்து, “ஏம்லே, மெத்தையக் கட்டாமலா எடுத்துட்டு வருவே?” என்று கேட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் என்னைக் கைகாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கைகாட்டினால் என்ன மறுப்புச் சொல்வது என்றுகூட மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

“கெளம்புத அவசரத்துல விட்டுட்டேன் ஐயா” என்றார் அவர்.

அப்படியே எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்: “நாளைக்கு உங்க வீட்டுல தாலிகட்டு. இன்னைக்கு உங்களப் பிடிச்சு உக்கார வச்சா நல்லாவா இருக்கும். மொதல்ல அதப் பாருங்க அண்ணாச்சி.”

நான் அதைத்தான் பார்த்தேன். மீன்காரருக்கு அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த அந்த மத்தியானம், அம்பாசமுத்திரத்தில் வேறு மெத்தை வாங்க அலைந்துகொண்டிருந்தேன். சைவ வீட்டுக்குள் மீன் வாடையோடு மெத்தையைக் கொண்டுபோக முடியாது என்று கடைக்காரரிடம் காரணம் சொல்லி, அதே சிவப்பில் உறை வேண்டும் என்று கேட்டேன். சாயங்காலம் சம்பந்தி வீட்டில் சாமான்களை எண்ணி ஒப்படைத்தேன். குடம் ஒன்பதும் சரியாக இருந்தது.

கல்யாணம் முடிந்தது. மறுவீடு முடிந்தது. நாளைக்கு நிலையத்துக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் யாருக்கோ நடந்தது மாதிரி விசாரித்தேன். கட்டாத பாரத்தோடு வண்டியைச் சாலையில் இறக்கினால் ஓட்டியவரும் வண்டிக்குச் சொந்தக்காரரும்தான் பதில் சொல்ல வேண்டும். சாமானுக்குச் சொந்தக்காரர் கட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், கட்டாமல் எடுக்கமாட்டேன் என்று ஓட்டுநர் மறுத்திருக்க வேண்டும் என்றார் அவர். எனக்கு மூச்சு வந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டிய இடம் அது.

நாலைந்து மாதம் கழித்து, வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை வாசலில் அந்த ஓட்டுநரைப் பார்த்தேன். ஒரு லாரியிலிருந்து பெட்டிகளைத் தலையில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார். உரிமத்தை முடக்கிவிட்டார்கள், வண்டியை வேறொருவர் ஓட்டுகிறார் என்று கடைக்காரர் சொன்னார். ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “பேத்தி நல்லா இருக்காளா அண்ணாச்சி?” என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டார். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். அன்று எதையும் நான் எண்ணவில்லை. எனக்கே அது விநோதமாக இருந்தது.

அந்த வாரமே மீன்காரரின் வக்கீல் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நஷ்ட ஈட்டு வழக்கு தீர்ப்பாயத்தில் நடக்கிறது. ஓட்டுநர் நிலையத்தில் ஒப்புக்கொண்டதை ஏற்க முடியாது, மெத்தை கட்டித்தான் இருந்தது, மீன்காரர்தான் வண்டியை ஒட்டிக்கொண்டு போய் மோதினார் என்று காப்பீட்டுக் கம்பெனி வாதாடுகிறது. பின்னால் காரில் வந்தவர்கள் நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றார். மகன் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னான், “எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். நாங்க சரியாப் பாக்கல.”

“நான் பார்த்தேன்” என்றேன்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. மருமகள் மட்டும் மறுநாள் காபி கொடுக்கும்போது, “போய்ச் சொல்லிட்டு வந்துருங்க மாமா. நீங்க தூங்குததே இல்ல” என்றாள்.

தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல் இளவயதுக்காரர். மரியாதையாகத்தான் கேட்டார். ஐயாவுக்கு வயதாகிவிட்டது, நடந்து இத்தனை காலமாகிவிட்டது, கயிறு கட்டியிருந்ததா இல்லையா என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். நான் அன்றைக்கு வண்டியில் ஏற்றிய சாமான்களை வரிசையாகச் சொன்னேன். குடம் ஒன்பது, குத்துவிளக்கு இரண்டு, மாலை ஒன்று. கயிறு ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் உட்காரப் போனார். நான் நிறுத்தவில்லை. “ஓட்டுநர் கயிறு போடத்தான் வந்தார். வேண்டாம் என்று தடுத்தது நான்” என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்களா?” என்றார். நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, போகலாம் என்றார். அவ்வளவுதான். யாரும் என்னைத் திட்டவில்லை. எந்தத் தண்டனையும் வரவில்லை. கொஞ்சமாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று படியிறங்கும்போது தோன்றியது. பிற்பாடு மீன்காரருக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. ஓட்டுநரும் இப்போது தன் வண்டியை ஓட்டுகிறார். நான் வாக்குமூலம் கொடுத்த பிறகும் போலீஸ் வழக்கில் அபராதம் கட்டியது அவர்தான்.

அன்று அந்தப் படிக்குக் கீழே மீன்காரர் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. இனிமேல் மொபெட் ஓட்ட முடியாது, மனைவிதான் சந்தையில் உட்கார்ந்து விற்கிறாள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

“அன்னைக்கு எண்ணுனது நீங்கதானா ஐயா?”

எனக்குப் புரியவில்லை.

“மெத்தைக்கு அடியில கெடக்கையில கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு ஏழு வரைக்கும். யாரோ டாக்டரு எனக்கு நாடி புடிச்சு எண்ணுதாருன்னு நெனச்சேன். சரி, ஆளு வந்துட்டாவ, பொழச்சுக்கிடுவோம்னு கண்ண மூடிட்டேன்.” அவர் சிரித்தார். “பெறவு வயல்ல அறுத்தவுககிட்ட கேட்டுட்டு இவதான் சொன்னா, அது குடம்னு.”

அவர் மனைவி சிரிக்கவில்லை. “நேரமாச்சு, வாங்க” என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றையும் சொல்லவில்லை. எண்ணுகிற பழக்கம் இந்த வயதில் என்னை விட்டுப் போகாது; ஆனால் எதை எண்ண ஆரம்பித்தாலும் ஏழு வந்ததும் என் குரல் நின்றுவிடுகிறது, அந்தக் குரலை நம்பிக் கண்ணை மூடிக்கொண்ட ஒரு மனிதர் இன்னும் அந்தச் சாலையில் கிடப்பதுபோல் இருக்கிறது.