ஒரே ஒரு மெமரி கார்டு

நானும் அவனும் சேர்ந்து ஒரு சேனல் வைத்திருந்தோம். அவன் ராஜபாளையம், நான் ஸ்ரீவில்லிபுத்தூர். கூமாப்பட்டி, தளவாய்புரம் என்று ஊர் ஊராகப் போய் மெஸ், பரோட்டாக் கடை எதையும் விடாமல் அவன் சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். நான் படம் பிடித்து, எடிட் செய்து ஏற்றுவேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. வீடியோ ஏறியதும் கார்டையும் எடிட் செய்த காப்பியையும் அழித்துவிட்டு அடுத்த கடைக்குக் கிளம்புவோம். அதுதான் சேனலில் இருக்கிறதே, தனியாக எதற்கு என்று நினைத்தோம்.

முதல் வீடியோ அவன் வீட்டு அடுப்படியில் எடுத்தது. அவன் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். கேமரா பக்கமே திரும்பாமல் கூச்சப்பட்டவர்கள், கடைசியில் என்னைப் பார்த்து, "ஏலே, எம்புட்டு நேரம் அதப் பிடிச்சிக்கிட்டே நிப்ப? ஒனக்கும் சோறு போட்டிருக்கேன், வா" என்றார்கள். அதை நான் வெட்டவில்லை.

இரண்டு வருடத்தில் அவன் முகம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், என் சொந்த ஊரில், அவனோடு நின்று படம் எடுக்க வந்தவர்கள் போனை என்னிடம் நீட்டினார்கள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். வயிறு எரிந்தது.

பணம் அவன் கணக்கில்தான் விழும். முதலில் பாதி தந்தான், பிறகு கால்வாசி. கேட்டதற்கு, "மூஞ்சிக்குத்தானல காசு தாராங்க. கேமராவ எவன் வேணாலும் பிடிப்பான்" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. நான் கல்யாண வீடியோ எடுக்கப் போனேன். அவன் அம்மா மாரடைப்பில் இறந்தபோதுகூட, மாலையைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.

அவன் கார் வாங்கிய வீடியோ வந்த மதியம், சேனலுக்குள் போனேன். பாஸ்வேர்டை அவன் மாற்றவே இல்லை. அந்த வேலையெல்லாம் எப்போதும் நான்தான் பார்ப்பேன். நான் எடுத்தது எனக்குச் சொந்தம் என்று மனதுக்குள் நியாயம் பேசிக்கொண்டு, பழைய வீடியோக்கள் அத்தனையையும் மொத்தமாக அழித்தேன். எது எது என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவன் என் வீட்டு வாசலில் நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"எவனோ உள்ள பூந்து எல்லாத்தையும் அழிச்சிட்டான்ல. மத்தது போனாப் போவுது. அம்மா பேசுனது அந்த மொத வீடியோ ஒண்ணுலதான் இருந்துச்சு. ஒங்கிட்ட எங்கயாச்சும் கெடக்கா, பாரேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருக்காது என்று தெரிந்தே மேசை டிராயர்களை இழுத்தேன், பையைக் கொட்டினேன், செத்துப்போன பழைய போனைச் சார்ஜில் போட்டேன். அவன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பயத்தில் சொல்லவில்லை.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு நான் பேசுனது தப்புதான். வா, மறுபடி சேந்து செய்வோம். பாதிப் பாதி."

இப்போது அவனுக்கு நான்தான் படம் பிடிக்கிறேன். சொன்னபடி பாதி தருகிறான். ஒவ்வொரு கடையிலும் கை கழுவிவிட்டு வந்து, "ரெண்டு எடத்துல ஏத்தி வச்சிட்டியால?" என்று கேட்கிறான். வைத்துவிட்டேன் என்கிறேன். பாஸ்வேர்டையும் என்னையே மாற்றச் சொன்னான். புதியது எனக்கு மட்டும்தான் தெரியும்.