அப்பா கற்றுக்கொண்ட ஒரு வாக்கியம்

1995 மே 29, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. தூறல். ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து அப்பா, சித்தப்பா, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம், குடை இரண்டு. ஒரு குடை குறைகிறதே என்பதுதான் வழியெல்லாம் என் கவலை. பள்ளியில் கேள்வி கேட்பார்கள். நனைந்த சட்டையோடு பதில் சொன்னால் இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

அந்த ஆங்கிலப் பள்ளியில் இயந்திரத் தொழிற்சாலைக்காரர்களின் பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. தொழிற்சாலையில் இருந்தவர் சித்தப்பா. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. ஆகவே, பள்ளியைப் பொறுத்தவரை நான் அவருடைய மகன் என்று வீட்டில் முடிவானது. ஒன்பது வயதில் எனக்கு இதில் ஒரு சங்கடமும் தெரியவில்லை.

சித்தப்பா ஒரு வாரம் பாடம் எடுத்தார். மை, யுவர், ஹிஸ், ஹெர் என்று எது யாருக்கு உரியது என்பதுதான் பாடம். 'திஸ் இஸ் மை ஃபாதர்' என்னும்போது விரல் அவர் பக்கம் நீள வேண்டும். முதல் நாள் அது அப்பா பக்கமே போனது. சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"நானும் வரேன்" என்றார் அப்பா.

"நீ இன்னாத்துக்குண்ணா? யாருன்னு கேட்டா?"

"பெரியப்பான்னு சொல்லு."

அதனால் அப்பாவுக்கும் ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. 'ஹீ இஸ் மை பிரதர்ஸ் சன்.' இவன் என் தம்பி மகன். அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. 'பிரதர்ஸ்' என்பதன் கடைசி எழுத்தை அவர் விழுங்கிவிடுவார், நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிசகில்லாமல் வந்துவிட்டது.

"சொரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கறப்பவும் சொல்லிக்கினே இருந்தேன்டா. கூட இருந்தவனுங்களுக்கே மனப்பாடம் ஆயிடிச்சி" என்றார்.

பள்ளியில் தலைமையாசிரியை கேட்டதற்கெல்லாம் நான் சரியாகப் பதில் சொன்னேன். விரல் சித்தப்பா பக்கம் நீண்டது. அவருடைய தொழிற்சாலை அட்டை மேசைமேல் இருந்தது. அம்மையார், சுவரோரம் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"பெரியப்பா" என்றேன்.

அப்படியா என்று தலையசைத்து, இந்தப் பையன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஹீ இஸ் மை சன்" என்றார்.

சித்தப்பாவின் கை அட்டைமேல் போய் நின்றது. அம்மையார் சிரித்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாருமே இப்படித்தாங்க. தம்பி பையனையும் பையன்னே சொல்லிப் பழகிட்டோம். இங்கிலீஷ்ல அது ஆகாது. மை பிரதர்ஸ் சன். எங்க, சொல்லுங்க."

அப்பா சொன்னார்.

"இன்னொரு வாட்டி."

சொன்னார். மூன்றாவது முறை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். ஓர் எழுத்துகூட விழவில்லை.

"பாருங்க, எவ்ளோ நல்லா வருது" என்றார் அம்மையார். எனக்கு இடம் கிடைத்தது.

திரும்பும்போது மழை வலுத்திருந்தது. நான் அப்பாவின் குடைக்குள் போகவில்லை, சித்தப்பாவோடு நடந்தேன்.

"அத்தினி வாட்டி சொல்லிக்குடுத்தேன். அங்க வந்து மாத்திச் சொல்றியே" என்றேன்.

"வாய் தவறிடிச்சிடா."

"உனக்கு இங்கிலீஷே வராதுப்பா."

"ஆமாண்டா, வராது" என்றார்.

அவர் எப்படித் தவறினார் என்று அன்று வீடு சேரும்வரை எண்ணிப் பார்த்தேன். வீட்டில் ஒருமுறைகூட அந்த இடத்தில் தவறியதில்லை. கணக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். பள்ளியை விட்டுக் கிளம்புமுன், பணம் கட்டும் சன்னலருகே அப்பா சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, கட்டச் சொல்லிச் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தார். என்னை அங்கே சேர்க்க அப்பாவுக்கு ஆன மொத்தச் செலவு அதுதான் என்று வெகு காலம் நினைத்திருந்தேன்: முந்நூற்று ஐம்பது ரூபாய்.