மூன்றாவது தடவை

லுடிவினா அக்கா காலையில் சந்தையில் புட்டோ என்ற அரிசிப் பலகாரம் அவித்து விற்பார். வியாழக்கிழமை பிற்பகல் ஊர் அலுவலகத்தில் சண்டை தீர்ப்பார். அதற்குக் கூலி கிடையாது, வசவு உண்டு. அக்கம்பக்கத்து வழக்கு எதுவானாலும் இந்தச் சமரசக் குழுவைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் உள்ளே வரக் கூடாது. நான் அங்கே எழுத்தர்.

அக்காவிடம் இருந்தது ஒரே வித்தை. எதிராளி சொன்னதை நீ திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதான்" என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் நீ உன் நியாயத்தைப் பேசலாம். ஊரில் இதற்குக் கிளிப் பள்ளிக்கூடம் என்று பெயர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று முடிக்காமல் இதென்ன இழுவை என்று எனக்கும் எரிச்சல்தான்.

அன்று வந்தவர்கள் தொரிபியோ, நெமேசியோ என்ற அண்ணன் தம்பி. அப்பா விட்டுப்போன படகு ஒன்றே ஒன்று. அதன் முகப்பில் அம்மா பெயர் இருந்த இடத்தில் தம்பி தன் மகள் பெயரை எழுதிவிட்டான். அண்ணன் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வியாழன் பேசியாயிற்று. இன்றும் படியாவிட்டால் கோர்ட்தான். படகை விற்றுப் பங்கு பிரிப்பார்கள். சமரசம் ஆகவில்லை என்று கோர்ட்டுக்குக் கொடுக்கும் சான்றிதழை நான் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன். கையெழுத்துதான் பாக்கி.

அண்ணன் பேசி முடித்ததும் அக்கா தம்பியிடம் கேட்டார்: "நெமேசியோ, உங்க அண்ணன் என்ன சொன்னார்?"

"நான் படகைத் திருடிட்டேனாம்."

"அப்படி எங்கடா சொன்னேன்?" தொரிபியோ எகிறினான்.

"இல்லையாம். மறுபடி சொல்லு தம்பி" என்றார் அக்கா.

"எழுதுறதுக்கு முந்தி அவரைக் கேக்கலையாம். பெரிய மனுசன் பாருங்க!"

"அதுவும் இல்ல!"

நான் பேனாவை மூடினேன். அக்கா அசரவில்லை. "தொரிபியோ, அவரைத் திட்டாம, உங்களுக்கு எது வலிக்குதோ அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அவன் மெதுவாகச் சொன்னான். நெமேசியோ தரையைப் பார்த்தபடி அதைத் திருப்பிச் சொன்னான்.

"சாயங்காலம் படகு கரைக்கு வர்றப்ப... அண்ணன் அம்மா பேரைத் தேடுறாராம். அது இல்லையாம்."

தொரிபியோ ஆமாவென்று தலையை ஆட்டினான். அடுத்து தம்பி பேசினான். அதைத் திருப்பிச் சொல்வது அண்ணன் முறை.

"புயல்ல உடைஞ்ச படகை இவன் தனியா ஒட்டுப்போட்டானாம். நான் ஒரு நாள்கூட எட்டிப் பாக்கலையாம். அம்மா பேரும் அந்தப் புயல்லயே உரிஞ்சு போச்சாம்." தம்பி பக்கம் திரும்பினான். "நெசந்தான். நான் போகல."

"அதான்ணே! அதைத்தான் மூணு வாரமா கத்துறேன்!"

"நீ எங்கடா கத்துன? திட்டுன."

"நீ மட்டும் கொஞ்சுனியா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்! முகப்பின் ஒரு பக்கம் அம்மா பெயர், மறுபக்கம் மகள் பெயர் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அக்கா ஒரு வார்த்தை யோசனை சொல்லவில்லை.

சனிக்கிழமை தொரிபியோ இயந்திரத்தைத் தோளில் சுமந்து நடுத்தெரு வழியாக வந்தான். தெருவே கைதட்டியது. திங்கட்கிழமை படகு இரண்டு பெயர்களோடு கடலுக்குப் போய்க் கூடை நிறைய மீனோடு திரும்பியது. அவர்கள் அக்காவுக்குக் கொடுத்த மீனில் பாதியை அக்கா எனக்குத் தந்தார்.

மீனை மடித்துக்கொண்டு போக அலுவலகத்தில் காகிதம் தேடினேன். கையெழுத்தில்லாத அந்தச் சான்றிதழ்தான் அகப்பட்டது. என் உத்தியோகத்தில் வேறெந்தக் காகிதத்தையும் அத்தனை சந்தோஷமாக மடித்ததில்லை.