நல்லம்மாளின் கீரைப் பாத்தி

மலேசியாவில் கோப்பெங் பக்கம் தான் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால், 1981இல் நல்லம்மாள் ஈப்போவுக்குக் குடிவந்தாள். வந்ததும் வீட்டுக்குப் பின்னால் தண்டுக்கீரை போட்டாள். ஜொகூரில் பெயிண்ட் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரே மகன் தனபாலுக்கு அந்தக் கீரை என்றால் உயிர். வீட்டுக் குப்பையைத் தகர டிரம்மில் எரித்து, தோட்டத்தில் விறகுச் சாம்பல் போட்ட பழக்கத்தில் அந்தச் சாம்பலையும் பாத்தியில் தூவிவந்தாள்.

தீபாவளிக்குத் தனபால் கர்ப்பிணி மனைவியோடு வந்தான். டிரம்மை எட்டிப் பார்த்தவன் முகம் மாறியது. உள்ளே உருகிய பிளாஸ்டிக் பைகளும், பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் பலகையும் பாதி எரிந்து கிடந்தன.

“அம்மா, பழைய பெயிண்ட்டுல காரீயம் இருக்கு. எரிச்சாலும் போகாது, சாம்பல்லயே தங்கிடும். வயித்துப் புள்ளைக்கு ஆகாதும்மா.”

“எல்லாச் சாம்பலும் ஒண்ணுன்னு நெனச்சேன்லா,” என்றாள் நல்லம்மாள்.

அன்று சமைத்த கீரையை யாரும் தொடவில்லை. அவர்கள் ஊருக்குப் போனதும் செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். அதன்பின் குப்பையை எரிக்காமல் பெரிய சாலையில் இருந்த குப்பைத் தொட்டிக்குச் சுமந்து போனாள். புது மண் வாங்கி, பிஸ்கட் டின்களில் மறுபடி விதைத்தாள்.

பேரன் பிறந்தான். கடைக்குப் போய் ஜொகூருக்குப் போன் செய்தாள்.

“புது மண்ணுல போட்டிருக்கேன்யா. சாம்பலே போடல. எப்ப வாரீங்க?”

“லீவு கெடைக்கட்டும்மா.”

கீரை முற்றிப் பூத்தது. அவள் அதைப் பறிக்காமல் விதைக்கு விட்டாள். பேரனுக்கு இந்நேரம் பல் முளைத்திருக்கும்.