மாமா பார்த்த வெளிச்சம்

என் மாமாவுக்குக் கூடிவந்த கல்யாணத்தைக் கலைத்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்தார்.

அம்மாவின் தம்பியான மாமா, சரக்கு விமானத்தில் துணை விமானி. விடுப்பில் வந்தவர் அப்பாவிடம் ஒன்று சொன்னார். ஒரு மாலை மேற்கே பறக்கும்போது ஏதோ வெளிச்சம் வெகுநேரம் கூடவே வந்ததாம். மூத்த விமானியும் பார்த்தாராம், ஆனால் எழுதவில்லையாம். மாமா மட்டும் 'என்னவென்று தெரியவில்லை' என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்.

அப்பா சிரித்தார். "வீனஸா இருக்கும்பா."

"இருக்கலாம் அத்தான்" என்றார் மாமா.

அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதவில்லை.

அடுத்த ஞாயிறு படாளத்திலிருந்து பெண் வீட்டார் நாள் குறிக்க வந்தார்கள். கூடத்தில் பஞ்சாங்கம் விரித்துக் கிடந்தது. மாமா சொன்ன மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். சூரியனுக்கு அடுத்த கட்டத்தில் சுக்கிரன், அப்பா சொன்ன வீனஸ். அப்படியென்றால் பொழுது சாய்ந்ததும் மேற்கேதான் நின்றிருக்கும்.

"மாமா பாத்தது பறக்கும் தட்டு இல்ல, சுக்கிரன்தான்!" என்று கத்தினேன்.

பறக்கும் தட்டு என்று மாமா சொல்லவே இல்லை. அது நான் சேர்த்தது. பொய்யென்று நிரூபிக்க எனக்குப் பெரிதாக ஏதாவது வேண்டியிருந்தது.

பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா மாப்ள, தட்டு கிட்டுலாம் தெரியுதா உங்களுக்கு?"

"வெளிச்சம்தாங்க பாத்தேன். என்னன்னு தெரியல, அதான் தெரியலன்னு எழுதிக் குடுத்தேன்."

"எழுதியே குட்த்துட்டாரா!" என்றார் கூட வந்த பெரியவர். "எங்க ஊர்ல வெள்ளியப் பாத்து மாடுகூட மெரளாது. இவரு எப்டிப்பா பிளேன் ஓட்டிகினு கீறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். 'தட்டு' என் சொல் என்று அப்போதே சொல்லியிருந்தால்? இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். ஒருவேளை அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் வாயையே திறக்கவில்லை.

நாள் குறிக்காமலே கிளம்பினார்கள். அந்த வாரமே, வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். மாமா தடுத்தார்.

"விடுக்கா. அவ போட்ட கணக்கு சரிதான்."

பார்த்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதவர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அவர் என்னைப் பாராட்டுகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் பள்ளியில், ஒரு பைலட்டையே மடக்கிவிட்டேன் என்று ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொன்னேன்.